துணி சோப்பும் சின்னப் புல்லியும்

கண்ணாடிக் கடையில் அவனுக்குப் பெயர் சோப்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் யாரும் அதற்குக் காரணம் கேட்பதில்லை. தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். வாடிக்கையாளரின் மூக்கில் ஃப்ரேமை வைத்து, காதுக்குப் பின்னால் வளைவு உறுத்துகிறதா என்று ஒரு விரலால் தடவிப் பார்த்து, ஓரடி பின்னால் நகர்ந்து, "உங்க முகத்துக்குன்னே அச்சு எடுத்த மாதிரி இருக்கு மேடம்" என்று அவன் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆள் நன்றாகச் சோப்புப் போடுகிறார், அதுதான் பெயர்.

அவன் மறுத்ததே இல்லை. சிரித்துவைப்பான். காக்காய் பிடிக்கிறவன் என்ற பேர் ஒன்றும் பெருமையில்லைதான். ஆனால் உண்மையான காரணத்தோடு வைத்துப் பார்த்தால் இது பொன்னாடை.

அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன். இயற்பியல் பட்டம். சொந்தத்தில் யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால், கூடத்துச் சுவரில் தொங்குகிற அந்தப் பட்டத்துக்கு நேரே தெரிகிற நாற்காலியில்தான் உட்காரவைப்பான். ஒளி எங்கே வளையும், எவ்வளவு வளையும் என்று படித்தவனுக்குக் கண்ணாடிக் கடையில் பிழைப்பு கிடைத்தது. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்காரவைப்பது அவன் வேலை. கண்மணியின் நடுவும் லென்ஸின் நடுவும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டவருக்குத் தலைவலி. அரை மில்லிக்காக மறுபடி மறுபடி கழற்றி மாட்டுகிற ஆள் என்று முதலாளிக்கு அவன்மேல் தனி மரியாதை.

அப்படிப்பட்டவனைக் கார் பிடித்து ஆட்டியது.

கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புகிற கண் டாக்டர் ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது தன் பழைய காரை மலிவாகக் கொடுத்தார். மங்கிப்போன பச்சை, இரண்டு கதவு, உட்கார்ந்தால் முழங்கால் டாஷ்போர்டைத் தொடும். பார்த்தால் பஞ்சத்தில் அடிபட்ட வண்டி. ஆனால் பானெட்டுக்குள் சூப்பர்சார்ஜர் இருந்தது. என்ஜினே ஒரு பெல்ட்டைப் போட்டுச் சுற்றி, காற்றைப் பிடித்துத் தன் வாய்க்குள் தானே திணித்துக்கொள்ளும் ஊதி. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். மிதிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு விசில் கிளம்பும். முதல் நாள் அந்த விசிலைக் கேட்டதும் அவனுக்குக் கை மயிர் எழுந்து நின்றது.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, இது ஏன் அழுவுது?" என்றாள்.

"அழுவல. பாடுது."

"எங்கயோ வலிக்குது போல. டாக்டர்கிட்ட வாங்கிட்டு வைத்தியம் பாக்காம விட்டுட்டீங்களே."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். எதையும் நரம்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். அன்று இறங்குமுன் ஒரே கேள்விதான் கேட்டாள். "வேகமா போவும்னு தெரியுது. நிக்குமா? பாலத்து எறக்கத்துல பெடல் காலுக்கடியில நடுங்குச்சே, பாத்தேன்."

அவனும் பார்த்திருந்தான்.

பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். 'பொறுமை' என்பது அவர் பெயராகவே ஆகிவிட்டது. யார் எதை அவசரப்பட்டுக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்று கையைக் காட்டுவார். அவர் பட்டறையைச் சுற்றி இப்படிக் கார்ப் பைத்தியங்கள் ஒரு கூட்டம் உண்டு. ஆளுக்கொரு பட்டப்பெயர். சைலன்சரில் கரியடிக்கிறவன் புகை. இவனுக்கு அப்போது வைத்த பெயர் விசில். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குள் ஏதோ இனித்தது. கடையில் வேலைக்காரன், வீட்டில் அப்பா, மாப்பிள்ளை. இங்கே மட்டும்தான் விசில்.

"கையில கொஞ்சந்தான் இருக்குண்ணே. இருக்கறத வெச்சு பவர் ஏத்தணும். எங்க ஆரம்பிக்கலாம்?" என்று பொறுமையிடம் கேட்டான்.

அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "இங்க. மொதல்ல ஆயில், பிளக்கு, எங்கயாவது காத்து கசியுதான்னு பாக்கணும். அது சில்லறைச் செலவு. அடுத்தது பிரேக்கு, டயரு. இதெல்லாம் முடிச்சு மிச்சம் இருந்தா ஊதியச் சுத்தற சக்கரத்த மாத்திச் சின்னப் புல்லி. அதுக்கேத்த பெல்ட்டு, அதுக்கேத்த மாதிரி கம்ப்யூட்டர்ல பெட்ரோல் கணக்க மாத்தணும். மூணும் ஒண்ணா. தனித்தனியா பண்ணா அரைக்கிணறு தாண்டின கதைதான்."

"புல்லிய மொதல்ல போட்டா என்ன? அதுலதானே பவர் வருது?"

"வரும். நிக்கத் தெரிஞ்ச வண்டிதான் தம்பி ஓடணும். பொறுமை."

இதை அவன் ஒத்துக்கொண்டான். படித்தவனுக்கு இது புரியாதா? வீட்டுக்குப் போய் மனைவியிடமும் அப்படியே சொன்னான். பிரேக் தட்டு, பிரேக் கட்டை, முன்பக்கம் இரண்டு டயர். அவள் துணி துவைக்கும் மிஷினுக்காக ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பழைய மிஷின் செத்துப்போய்ப் பின்பக்கத்தில் துணிக்கூடை வைக்கிற மேஜையாக மாறியிருந்தது. அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையால் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் அப்புறம் வாங்கிக்கலாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பாப்பாவக் கூட்டிக்கிட்டு தங்கச்சி வீட்டுக்கு மலை மேல போணும். நான்தான் ஓட்டுவேன். எறங்கறப்ப அது நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

அவ்வளவுதான் அவளுக்கு. அவனுக்கு அவ்வளவு போதவில்லை.

பொறுமை பட்டறைக்குப் போகிற வழியில் கார் பாட்டுப்பெட்டி, சீட் உறை, பளபளக்கிற விளக்கெல்லாம் விற்கிற தெரு ஒன்று இருந்தது. அங்கே ஒரு கண்ணாடி அலமாரிக்குள் சின்னப் புல்லி வைத்திருந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், வெள்ளிக் காசு மாதிரி மின்னும். பெரிய சக்கரத்துக்குப் பதில் இந்தச் சின்னது. அதே பெல்ட் இதை இன்னும் வேகமாகச் சுற்றும், ஊதி இன்னும் ஊதும், விசில் இன்னும் ஏறும். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றான். "பழைய பெல்ட்டே போதும் சார், டியூனிங்கும் வேணாம், மாட்டினா பறக்கும்" என்றான் கடைக்காரன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். கணக்கும் அறியாது போலிருக்கிறது. பிரேக்கை அடுத்த போனசில் மாற்றிக்கொள்ளலாம், லீவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று மனசு கூசாமல் நியாயம் எடுத்துக் கொடுத்தது. அங்கேயே புல்லியை வாங்கி மாட்டிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள். "மாத்தியாச்சா?"

"ஆச்சு" என்றான்.

ஒரே சொல். எதை மாற்றியது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மாற்றியது மாற்றியதுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று குளிக்கும்போது தனக்குத் தானே வாதாடினான். அரை மில்லிக்குத் தூங்காதவன் அன்று இரவு நன்றாகத் தூங்கினான். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவனுக்கு உடம்பு கூசியது.

மாமனார் அவர்களோடுதான் இருந்தார். மாவு மில்லில் காலம் முழுக்க மெஷின் ஓட்டியவர். வாயைத் திறந்தால் மில். மழை வந்தால் மில்லுக்குள் ஒழுகிய மழை, பேத்திக்குப் பரீட்சை என்றால் மில்லுக்கு வந்த இன்ஸ்பெக்டர். "எங்க மில்லுல இருந்த பெல்ட்டு, இந்த வீதிக்கு அந்த வீதி நீளம்" என்பார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பெல்ட் கொஞ்சம் வளரும். கூடவே வாய்க்கு வாய் மாப்பிள்ளை புராணமும் உண்டு. எதிர்வீட்டுக்காரரிடம், "எங்க மாப்பிள்ளை ஃபிசிக்ஸு. கண்ணப் பாத்தே நம்பர் சொல்லிடுவார்" என்று அளந்துவிட்டிருந்தார். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர் இவனைப் பார்க்கிறபோதெல்லாம் கண்ணை விரித்துக் காட்டுவார்.

புல்லி மாட்டிய பிறகு வண்டியின் விசில் இரண்டு மடங்காயிற்று. அதோடு ஒரு புதுச் சத்தமும் சேர்ந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எலியை மிதித்த மாதிரி ஒரு கீச். நீளமான பழைய பெல்ட் சின்னச் சக்கரத்தில் தளர்ந்து வழுக்குகிற சத்தம் அது. அவனுக்கும் லேசாகச் சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தைப் பார்த்தால் சந்தோஷம் போய்விடும் என்று பாராமல் இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொறுமையின் பட்டறையில் பவர் அளக்கும் நாள். காரின் சக்கரத்தை இரும்பு உருளைகள்மேல் ஏற்றி, பட்டை போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் எத்தனை குதிரை சக்தி என்று திரையில் கோடாக வரும். நல்ல எண் ஒன்று வந்துவிட்டால் பொறுமையே வாயடைத்துப் போவார் என்பது இவன் கணக்கு.

"நானும் வர்றேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். முந்தின நாளே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். காலையில் இவன் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் காருக்குப் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பானெட்டைத் தடவிக் கொடுத்தார். இவனைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார். ஸ்டார்ட் செய்தான். கீச் இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டான்.

பட்டறையில் கூட்டம் கூடியிருந்தது. "வாங்க விசில்! என்ன, சத்தம் கம்மியா இருக்கு? தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் புகை.

"பாப்போம்டா, யாருக்குத் தொண்டை கட்டுதுன்னு."

மாமனாருக்கு டீ கொடுத்தார்கள். அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தவர்களிடம் மில் கதையை ஆரம்பித்துவிட்டார். "எங்க மோட்டாரு முப்பது குதிரை. மாப்பிள்ளை வண்டி எத்தனை குதிரை?"

"அதத்தான் மாமா எண்ணப் போறோம்."

"எண்ணுங்க, எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு கொறஞ்சா சொல்லுங்க, எங்க முதலாளிகிட்ட சொல்லி அனுப்பச் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் மாமனாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். இவனுக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒரு டீ குடிக்கிற நேரம்.

வண்டியைக் கட்டினார்கள். பொறுமை உள்ளே உட்கார்ந்து மிதித்தார். திரையில் கோடு எழுந்தது, ஏறியது, பாதி மலை ஏறினவன் மூச்சு வாங்கிக் குனிகிற மாதிரி வளைந்து கீழே இறங்கியது. பானெட்டுக்குள்ளிருந்து வீலென்று ஒரு அலறல். ரப்பர் கருகுகிற நாற்றம். பொறுமை காலை எடுத்தார்.

"கம்பெனி போட்டு அனுப்பினதவிடக் கம்மி" என்றார் திரையைப் பார்த்து.

"விசில் போச்சு, காத்துதான் வருது" என்றான் புகை.

அவனுக்குக் காதெல்லாம் சூடேறியது. "உங்க மிஷின் தப்புக் காட்டுது" என்று கத்தினான். "நான் ஃபிசிக்ஸ் படிச்சவன். எனக்குத் தெரியாதா? சக்கரம் சின்னதானா வேகம் கூடணும். கூடியே தீரணும். மிஷினச் சரிபண்ணுங்க மொதல்ல!"

பொறுமை இறங்கி வந்து பானெட்டைத் திறந்தார். சின்னப் புல்லியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். பெல்ட்டை விரலால் வழித்தார். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"துணி சோப்பு" என்றார்.

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. "குளிப்பாட்டினியா மச்சி? அலசிக் காயப்போடலையா?" என்று புகை வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே எல்லோர் கண்ணும் தன்மேல் இருப்பது மட்டும் தெரிந்தது.

மாமனார் முன்னால் வந்தார். "அது நான் தேச்சது. மாப்பிள்ளைக்குத் தெரியாது." சிரிப்பு நிற்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார். "காலைல பெல்ட்டு கத்திச்சுங்க தினமும். எதிர்வீட்டுக்காரர், மாப்பிள்ளை தலைல யாரோ ஓட்டை வண்டியக் கட்டிட்டாங்களேன்னு சொன்னார். மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இன்னிக்கு இத்தனை பேர் முன்னாடி கத்தி மானத்த வாங்கிடக் கூடாதேன்னு... எங்க மில்லுல பெல்ட்டு கத்தினா சோப்புதான் தேய்ப்போம்."

இப்போது அவர்கள் அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

அப்போது இவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போன்ற சொல். "விடுங்கப்பா. பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது. மாவு அரைச்ச ஆளு."

மாமா என்று சொல்லவில்லை. பெரியவர் என்றான், தெருவில் வழி கேட்கிறவரைச் சொல்வதுபோல. மாமனார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தார்.

பொறுமை மட்டும் சிரிக்கவில்லை. சக்கரத்தருகே போய்க் குந்தி, கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுப் பிரேக் தட்டின் ஓரத்தைத் தடவினார். தேய்ந்து தேய்ந்து வரப்பு மாதிரி விளிம்பு நின்றது. "தம்பி, பிரேக்குக்குன்னு சொல்லிட்டுப் போனியே. அதே தட்டு. அதே கட்டை. டயரும் அதேதான். புல்லி மட்டும் வந்திருக்கு." மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. "சோப்பு தேச்சவர் வண்டி கத்தக் கூடாதுன்னு தேச்சாரு. நீ எதுக்குப்பா இதப் பண்ண?"

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. மாமனாருக்கு இப்போது தெரிந்துவிட்டது. மகள் மிஷின் வாங்காமல் கையால் துவைக்கிறாளே, அது எதற்காக என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் காசு எங்கே போயிற்று என்பது இப்போது தெரிந்தது. அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு எந்த வண்டியில் மலையிறங்கப் போகிறாள் என்பதும்.

திரும்பி வரும்போது அவர் வாயில் மில் இல்லை, முதலாளி இல்லை, பெல்ட் வளரவில்லை. இவன் மெதுவாகத்தான் ஓட்டினான். ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைக் கடைக்கண்ணால் பார்த்தான். பாலத்து இறக்கத்தில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். இல்லாத பிரேக்கை மிதிக்கிற கால். ரப்பர் விரிப்பில் செருப்பு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குமுன் சூப்பர்சார்ஜர் விசிலெல்லாம் எம்மாத்திரம்.

'மாமா, மன்னிச்சிடுங்க' என்று சொல்ல வாயெடுத்தான். மாமா என்ற முதல் சொல்லிலேயே நிறுத்திக்கொண்டான். காலையில் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சொல்லாததை இப்போது காருக்குள், யாருமில்லாதபோது சொன்னால் அது எதில் சேர்த்தி?

மனைவி பின்பக்கம் தொட்டிக்கருகே துவைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் துணி, மலைமாதிரி. "வந்துட்டீங்களா? என்னப்பா, உங்க மாப்பிள்ளை வண்டி ஜெயிச்சுதா?"

"அதெல்லாம் ஓடிச்சு" என்றார் மாமனார்.

"ஓடறது கெடக்கட்டும். பிரேக்கு எப்படிப் பிடிக்குது? நீங்க உக்காந்து வந்தீங்கள்ல, சொல்லுங்க. லீவு வருது."

இவன் வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றான். மாமனார் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார். "தொட்டா நிக்குதும்மா."

மில்லில் எடை போடும்போது ஒரு கைப்பிடி மாவைக் கூடப் போட்டுக் கொடுத்து முதலாளியிடம் திட்டு வாங்கிய மனிதர். பெல்ட்டின் நீளத்தில் அளந்துவிடுவாரே ஒழிய, பெற்ற மகளிடம் பொய் சொல்லி இவன் கேட்டதில்லை. தன்னை நாலு பேர் முன்னால் பெரியவர் என்று தள்ளி நிறுத்தினவனுக்காகச் சொன்னார். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பாராமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அவள் வாளியைத் துழாவினாள். "ஏங்க, சோப்பு முழுசு ஒண்ணு இங்க வெச்சிருந்தேனே, பாத்தீங்களா? பாதிதான் கெடக்கு. எலி தின்னுமா சோப்ப?"

எலிமேல் போட்டுவிடலாம். எலி வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் அவள் கையைப் பார்த்தான். நுரை வழிகிற கை, நனைந்து நனைந்து விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. பொறுமையின் விரலில் ஒட்டியிருந்த அதே வெள்ளை, அதே வாசனை.

"சோப்பு வண்டில இருக்கு" என்றான்.

"வண்டியத் தொடச்சீங்களா?"

"இல்ல. பெல்ட்டுல தேச்சுட்டார் உங்கப்பா. புதுப் புல்லி போட்டதுல பெல்ட்டு கத்திச்சு. அதான்." அவள் புரியாமல் பார்த்தாள். நரம்பைத் தட்டித் தேடுகிற பார்வை. இவன் கையை நீட்டிவிட்டான். "பிரேக் மாத்தல. அந்தக் காசுலதான் புல்லி வாங்கினேன்."

அவள் திட்டவில்லை. போர்வையை நீரிலிருந்து தூக்கினாள். "ஒரு முனையப் பிடிங்க" என்றாள். பிடித்தான். அவள் ஒரு பக்கம் முறுக்க, அவன் மறுபக்கம் முறுக்கினான். தண்ணீர் அவன் கால்மேல் கொட்டியது.

"ஆச்சுன்னீங்களே" என்றாள்.

"ம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத் தெரிஞ்சுது. எல்லார் முன்னாடியும்."

அவள் முறுக்குவதை நிறுத்தினாள். "தெரிஞ்சுமா தொட்டா நிக்குதுன்னார்?"

அவன் தலையாட்டினான்.

"புல்லியோ பிள்ளையாரோ, அது போகட்டும். ஏதாவது தெரிஞ்சுக்கணும்னா உங்கள நம்பாம அவரக் கேப்பேன். ஏன்னா எங்கப்பா எங்கிட்ட பொய் சொல்ல மாட்டார். இனிமே நான் யாரக் கேக்கறது?"

போர்வையின் முனை அவன் கையிலேயே இருந்தது. அவள் தன் பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

லீவுக்கு அவளும் பாப்பாவும் பஸ்ஸில் போனார்கள். மலைப்பாதையில் பாப்பா மூன்று தடவை வாந்தி எடுத்ததாக மனைவியின் தங்கச்சி போன் பண்ணிச் சொன்னாள். மச்சான் கார் வாங்கியிருக்கிறார் என்றார்களே, என்ன ஆச்சு என்றும் கேட்டாள். 'ஆச்சு' என்ற சொல்லைக் கேட்டாலே அவன் இப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவான்.

அவன் புல்லியைக் கழற்றி, வாங்கினதில் பாதிக்கு விற்றான். பொறுமையிடம் போய்த் தலையைக் குனிந்து நின்றான். மிஷினைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டான். அவர், "பொறுமை. மொதல்ல ஜாக்கியப் போடு" என்றார். மனைவியும் பாப்பாவும் திரும்பி வந்த பிறகு போனசும் வந்து சேர்ந்தது. புதுத் தட்டு, புதுக் கட்டை, டயர். தொட்டால் நின்றது. விசில் பழையபடி சன்னமாயிற்று. பட்டறையில் பெயர் மட்டும் மாறிப்போனது. புகை ஒருநாள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தான். "என்ன சோப்பு, சௌக்கியமா?" என்று கல்லா வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டுவிட்டுப் போனான். கடையிலும் ஒட்டிக்கொண்டது. தேய்த்தவர் ஒருவர், பேர் வாங்கினவன் வேறொருவன் என்று அவன் நினைத்துக்கொள்வான். ஒரு வகையில் அதுவும் சரிதான், அவர் வாங்கியிருக்க வேண்டிய சிரிப்பைக் காலம் பூராவும் இவன் வாங்கட்டும்.

பிரேக் மாற்றிய அன்று சாயங்காலம் மாமனாரைக் கூப்பிட்டான். "மாமா, ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?" அந்த 'மாமா'வைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான், எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படி. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பாலத்து இறக்கத்தில் அவர் கால் தரையைத் தேடியது. இவன் பெடலைத் தொட்டான். வண்டி நின்றது. அவர் முன்னால் சரிந்து, சீட் பெல்ட் பிடித்து இழுக்க, திரும்பி இவனைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக, "எங்க மில்லுல ஒரு தடவ பெல்ட்டு அந்துச்சு பாருங்க மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவன் வண்டியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் வேகமாக உள்ளே போனார். மகளிடம் சொல்ல அவருக்கு அவ்வளவு அவசரம். பின்பக்கத்திலிருந்து அவர் குரல் வாசல் வரை கேட்டது.

"பிரேக்கு தொட்டா நிக்குதும்மா!"

துணி அடிக்கிற சத்தம் நின்றது.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்கப்பா" என்றாள் அவள்.

அவன் ஒரு செருப்பைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.